பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ஏற்றியபோது

வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கார் இழுக்கவில்லை, கியர்பாக்ஸ் பிடிக்காமல் வழுக்கியது. கியர்பாக்ஸ் ஆயிலில் கருகல் வாடை. அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் குறியீடு கொண்ட வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸை, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே அதற்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு சேர்த்தே கோவையில் வாங்கினேன். பொள்ளாச்சி மெக்கானிக் அண்ணனும் நானும் மாற்றினோம்.

உயிர்நாடி கன்வெர்ட்டரை உட்காரவைப்பதுதான். அதில் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை (ATF) ஊற்றி, மெல்லச் சுழற்றியபடி கியர்பாக்ஸுக்குள் தள்ளினோம். டொக், டொக்கென்று படிப்படியாக இறங்கியது. "இன்னும் ஒரு படி இருக்கிறதுங்க" என்றார் அண்ணன். கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் காடியில் அது விழும்வரை விடவே இல்லை. கியர்பாக்ஸ் கைத்தள்ளலிலேயே எஞ்சினோடு ஒட்ட வேண்டும். மிச்ச இடைவெளியைப் போல்ட்டை இறுக்கி மூடினால் பம்ப் உடைந்துவிடும். ஒட்டியபின் கன்வெர்ட்டர் கையால் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டே போல்ட்டுகளை முடுக்கினோம்.

கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாமல் விடாதீர்கள், பழைய துகள் அங்கே தங்கியிருக்கும்.