பேனர் கோப்பில் லேயருக்குப் பெயர் வையுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில்களுக்குத் திருவிழா பேனர் செய்பவர்களுக்கு இது பழகிய கதை. "போன வருஷ பேனர்தான் தம்பி, தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார் கோயில் தலைவர். கோப்பைத் திறந்தால், படத்தின் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் லேயர்கள் (அடுக்குகள்) 'லேயர் 14 காப்பி 3' என்று நீண்ட வரிசையாக நிற்கும்.

போட்டோஷாப்பில் லேயர் பெயரின் மேல் இருமுறை கிளிக் செய்து மாற்றலாம். உடனே டேப் விசையைத் தட்டினால் அடுத்த லேயரின் பெயருக்குப் போய்விடும். கிம்ப் என்ற இலவச மென்பொருள் என்றால் எஃப்2 விசை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. எழுத்து லேயர், நாம் தட்டியதையே பெயராக எடுத்துக்கொள்ளும். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், பேனரில் 'மாரியம்மன்' அழகாகத் தெரியும். லேயர் பட்டியலிலோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஆகவே இவற்றுக்கு முதலில் பெயர் வையுங்கள்: 'தேதி', 'உபயதாரர்', 'அன்னதானம்' என்று. 'சிவப்பு எழுத்து' வேண்டாம். நாளைக்கே மஞ்சளாக்கச் சொல்வார்கள்.

அப்புறம், தமிழ் வரிகள் ஒரு குழு, மலாய் வரிகள் இன்னொரு குழு. போட்டோஷாப்பில் லேயர்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஜி அழுத்தினால் போதும். கண் குறியில் வலது கிளிக் செய்து நிறமும் கொடுக்கலாம். அடிக்கடி மாறும் லேயர்களுக்கு மட்டும் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் அடித்தால் தீபாவளிக் கோலம்தான்.

அச்சுக் கடைக்கு ஜேபிஜி அனுப்பினாலும் லேயர்கள் உள்ள பிஎஸ்டி கோப்பை (போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு) தனியே சேமியுங்கள். ஜேபிஜியில் லேயர்கள் தங்காது.