விசா எவ்வளவு என்று கேட்பதற்கு முன்: வேலூர் வட்டாரத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் வெளிநாட்டு வேலை என்றதும் முதலில் வரும் கேள்வி "விசா எவ்வளவு?" என்பதுதான். கேட்க வேண்டியது "விசா யார் பேரில் வந்திருக்கு?" என்று. வேலை விசாவைப் பெரும்பாலும் எந்த நாடும் உங்களை நம்பித் தருவதில்லை. அங்கே உள்ள ஒரு முதலாளியையோ கம்பெனியையோ நம்பித் தருகிறது. அவர்தான் ஸ்பான்சர்; வளைகுடாவில் கஃபீல். ஆஃபர் லெட்டர், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றிலும் ஒரே கம்பெனி பேர், ஒரே வேலை இருக்கிறதா, ஆஃபரில் சொன்ன சம்பளம்தான் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதில் முக்கால்வாசி. மற்றதெல்லாம் அலைச்சல்.

பாஸ்போர்ட்டில் ஆரம்பிக்கும் தகராறு

நம்ம ஊர் வழக்கத்தில் பேருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலாகப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பலர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒற்றைப் பேரோடு பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார்கள். 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்குக் கெடுபிடி காட்டுகிறது. அதனால் மதிப்பெண் சான்றிதழில் "ஆர். குமார்" என்று இருந்தால், பாஸ்போர்ட்டில் பேர் கட்டத்தில் குமார், சர்நேம் கட்டத்தில் அப்பா பேர் ராஜேந்திரன் என்று முழுசாகப் போட்டுவிடுங்கள். முகமது என்பதை ஒரு சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், இன்னொன்றில் வேறு ஸ்பெல்லிங் என்று வைத்திருப்பவர்களும் இப்போதே ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். விசா வந்த பிறகு திருத்தப் போனால் பாஸ்போர்ட் எண்ணே மாறும். விசா பழைய எண்ணில் அடித்திருக்கும்.

இன்னொன்று, முகவரி. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. ஆதாரில் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்று இருந்தால் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். போலீஸ் விசாரணை தேவையில்லாமல் சுற்றி வராமல் இருக்கும். வேலூர் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. மேல் அலுவலகம் சென்னை. 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூட 2,000. காவல்துறை நன்னடத்தைச் சான்றும் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில்தான், 500 ரூபாய்.

இ.சி.ஆர். என்கிற மூன்று எழுத்து

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இ.சி.ஆர். (எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்) என்று அச்சடித்திருந்தால், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான், தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சிங்கப்பூர் வராது.

பத்தாவது பாஸ் செய்தவருக்கு இந்த முத்திரையே தேவையில்லை. ஆனாலும் விண்ணப்பத்தோடு மார்க் ஷீட் வைக்காததால் இ.சி.ஆர். விழுந்தவர்கள் நிறைய. மார்க் ஷீட்டோடு மறுபடி விண்ணப்பித்தால் எடுத்துவிடுவார்கள். வருமான வரி கட்டுபவர், 50 வயது தாண்டியவர், ஏற்கெனவே மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்தவர் ஆகியோருக்கும் விலக்கு உண்டு.

அனுமதி மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளம் வழியாக நடக்கும். விசா நகல், ஒப்பந்தம், பிரவாசி பாரதிய பீமா காப்பீடு ஆகியவை வேண்டும். காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்து மரணத்துக்கு 10 லட்சம். அனுமதி இல்லாமல் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு மீனம்பாக்கம் போனால் இமிகிரேஷனில் திருப்பி அனுப்புவார்கள், டிக்கெட் பணம் போச்சு. "விசிட் விசாவில் ஏறிடு, அங்கே மாத்திக்கலாம்" என்பது இந்த அனுமதியைத் தாண்டிப் போவதற்கான குறுக்கு வழி. போய்ச் சேர்ந்தாலும் காப்பீடு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, புகார் சொல்லக் காகிதமும் கிடையாது.

பெண்களுக்கு: இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் 30 வயது முடிந்திருக்க வேண்டும். நர்ஸுகளுக்குத் தனி விதி. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். இல்லாவிட்டாலும் அந்த 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக அனுமதி கட்டாயம், 2015இலிருந்து. தமிழ்நாட்டில் அதற்கான அரசு நிறுவனம் கிண்டியில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வேலூரில் நர்சிங் படித்த பிள்ளைகள் முதலில் அங்கே பதிவு செய்வது நல்லது.

ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்

சட்டப்படி 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. ரசீது கட்டாயம். உரிமம் பெற்ற ஏஜென்டுகள் பட்டியல் இ-மைகிரேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. விளம்பரத்திலேயே உரிம எண் போட வேண்டும் என்பது விதி. சப்-ஏஜென்ட் என்று சட்டத்தில் யாரும் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வசூலிப்பவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. பணத்தை வங்கி வழியாக, கம்பெனி கணக்கில் போடுங்கள். மனைவி பேரில், மச்சான் பேரில் கணக்கு சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சவூதி விசாத் தாளைப் படிப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தாளில் "மிஹ்னா" என்று ஒரு வரி வரும், அதுதான் உங்கள் வேலை. ஸாயிக் என்றால் டிரைவர். ஆமில் என்றால் கூலித் தொழிலாளி. ராயீ என்றால் ஆடு, ஒட்டகம் மேய்ப்பவர். ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை என்று சொல்லிவிட்டு மிஹ்னாவில் ஆமில் என்றிருந்தால் அங்கே போய்க் கூலி வேலைதான். டிரைவர் என்று சொல்லி ராயீ என்றிருந்தால் பாலைவனம்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அரபி எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குப் பஞ்சமில்லை. ஏஜென்ட் ஆபீஸ் ஆளை விட்டுவிட்டு வேறு ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

"ஆஸாத் விசா", "ஃப்ரீ விசா" என்று ஒன்றை லட்சக்கணக்கில் விற்கிறார்கள். அப்படி ஒரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை. கஃபீல் பேருக்கு மட்டும் ஒருவர், வேலை வெளியில். அவர் ஒரு நாள் "ஓடிவிட்டான்" என்று ஹுரூப் பதிந்தால் இக்காமா (அங்கே தங்குவதற்கான அட்டை) செல்லாது. பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல். இக்காமா கட்டணமும் வேலை அனுமதிக் கட்டணமும் சவூதி சட்டப்படி முதலாளி தலையில்தான் விழும். ஒப்பந்தம் சவூதி அரசின் கிவா இணையதளத்தில் பதிவாக வேண்டும். பல தொழில்களுக்குத் தகுதிச் சரிபார்ப்பும் கேட்கிறார்கள், ஆகவே ஐ.டி.ஐ., டிப்ளமோ சான்றிதழ் அசலைக் கையில் வைத்திருங்கள். சான்றிதழ் உண்மையானது என்று காட்ட சவூதி, ஓமன், பஹ்ரைனுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு வெளியுறவுத் துறையின் சான்றொப்பமும், அதற்கு மேல் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும்.

அமீரகமும் சிங்கப்பூரும்

இரண்டிலும் தமிழில் தாள் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். அங்கே ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது.

சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்டுக்கு முன்னால் ஐ.பி.ஏ. என்று ஒரு முன் ஒப்புதல் கடிதம் வரும். தொழிலாளியின் மொழியிலேயே அதன் நகலை, கிளம்பும் முன்பே, முதலாளி அனுப்ப வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, மாதாமாதம் பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். "மொத்தம் 900 டாலர்" என்று ஏஜென்ட் சொல்வதில் ஓவர்டைமும் கலந்திருக்கும், தாளில் அடிப்படை குறைவாக இருக்கும். சண்டை வருவது இங்கேதான். சிங்கப்பூர் ஏஜென்ட் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை. லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு அரசுக்குக் கட்டும் வரி, முழுக்க முதலாளி கட்டுவது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

பிரிட்டன், நர்ஸுகளுக்கு

ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் என்பது தாள் இல்லை, ஒரு எண். அது ஒதுக்கிய மூன்று மாதத்துக்குள் விசா விண்ணப்பம் போட வேண்டும். உரிமம் உள்ள ஸ்பான்சர்கள் பட்டியலை பிரிட்டன் அரசே வெளியிடுகிறது, அதில் பேர் இல்லாத மருத்துவமனை உங்களை அழைக்கவே முடியாது. அந்த எண்ணை 15 லட்சம், 20 லட்சம் என்று விற்பவர் விற்பது மோசடியைத்தான்.

2025 ஜூலை 22 முதல் பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். "கேர் விசா இன்னும் இருக்கு" என்று யாராவது சொன்னால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற நர்ஸுக்கு வழி திறந்திருக்கிறது: ஆங்கிலத் தேர்வுகளில் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7, அல்லது ஓ.இ.டி.யில் எழுத்தில் சி பிளஸ், மற்றதில் பி. நர்சிங் பதிவுக்கான கணினித் தேர்வை இங்கேயே எழுதலாம், செய்முறைத் தேர்வு அங்கே. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கட்டாயம். ஸ்பான்சர் உரிமம் பறிபோனால் வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள் கொடுப்பார்கள்.

மெடிக்கல்: பணம் கட்டும் முன்னே எக்ஸ்ரே

வளைகுடாவுக்கு, அந்த நாடுகளின் மருத்துவப் பரிசோதனைத் தளமான வாஃபித்தில் 10 டாலர் கட்டிப் பதிவு செய்து, அதன் பட்டியலில் உள்ள மையத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆளை மடக்குவது மார்பு எக்ஸ்ரே. எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு இருந்தாலும் அன்ஃபிட்தான். அந்த முடிவு ஒரு நாட்டோடு நிற்காது, மற்ற வளைகுடா நாடுகளுக்கும் தெரியும். அதனால் ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் உள்ளூரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சில நூறு ரூபாயில் லட்சம் மிஞ்சும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை, விசா ஆன் அரைவல், டிக்கெட் இலவசம் என்று வந்தால் தொடவே வேண்டாம். 2022இல் அப்படிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, அரசு தலையிட்டு மீட்க வேண்டியிருந்தது.

கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு, ஏஜென்ட் ரசீது இவற்றை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் ஒரு செட் கொடுத்துவிட்டுப் போங்கள். சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஆனால், வெளியுறவுத் துறையின் "மதத்" (MADAD) என்ற புகார் இணையதளத்தில் நீங்கள் அங்கிருந்தே புகார் போடலாம். வீட்டில் இருப்பவர் அந்த செட்டோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் சேப்பாக்கத்தில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும் நகல் அனுப்ப வேண்டும். மனுவில் முதல் வரியிலேயே கஃபீல் பேரும் விசா எண்ணும் இருக்கட்டும். தூதரகத்தில் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான்.