என்வலப் ஃபில்டர்: காதுக்குப் போவது என்ன?

பேஸ் கிட்டார் கம்பியை மெல்லத் தட்டினால் வாய்மூடி "ம்ம்" என்று முனகும், ஓங்கித் தட்டினால் வாய்திறந்து "வாவ்" என்று கத்தும். என்வலப் ஃபில்டரின் அழகே இதுதான். 1970-களின் தொடக்கத்தில் மைக் பீகல் வடிவமைத்து மியூசிட்ரானிக்ஸ் வெளியிட்ட மியூ-ட்ரான் த்ரீ பெடல் இந்த ஒலியைப் பரப்பியது. ஸ்டீவி வொண்டரின் கிளாவினெட்டிலும் பூட்ஸி காலின்ஸின் பேஸிலும் அது பேசியது. இன்று இசைப்பதிவு மென்பொருளான ஏபிள்டன் லைவில் ஆட்டோ ஃபில்டர் இருக்கிறது, லாஜிக்கிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. ரீப்பரிலோ எந்த ஃபில்டரின் கட்-ஆஃபையும் (ஒலியை எந்த அதிர்வெண்ணில் வெட்டத் தொடங்குவது என்ற எல்லை) ட்ராக்கின் ஒலி அளவோடு பிணைத்துவிடலாம்.

பிளக்-இன் (மென்பொருளில் சேர்க்கும் எஃபெக்ட்) கையில் இருந்தும் பலருக்கு அந்த "வாவ்" வருவதில்லை. நான் பார்த்தவரை, கோளாறு ஃபில்டரில் இருப்பது அபூர்வம். இந்தக் கருவிக்கு ஒரு காது உண்டு. உள்ளே வரும் ஒலி எவ்வளவு பெரியது என்று நொடிக்கு நொடி அளந்து, அதற்கேற்பக் கட்-ஆஃபை ஏற்றி இறக்குகிறது. சின்தசைசரில் இருக்கும் என்வலப் வேறு: கீயை அழுத்தியதும் போட்டுவைத்த கணக்குப்படி ஓடும், எதையும் கேட்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் ரெசொனன்ஸையும் (கட்-ஆஃப் இடத்து ஒலியைத் தூக்கிக்காட்டும் அமைப்பு) கட்-ஆஃபையும் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். காதுக்கு என்ன போகிறது என்று பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் ஒரு முழு இரவை இழந்தேன். பேஸ் ட்ராக்கில் வழக்கம்போல முதலில் கம்ப்ரஸர், அதன்பின் என்வலப் ஃபில்டர். எதைத் திருப்பினாலும் ஒன்று ஃபில்டர் முழுக்கத் திறந்தே கிடந்தது, இல்லை மூடியே கிடந்தது. காரணம் எளிது. மெல்லிய தட்டுக்கும் ஓங்கிய தட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பதுதான் கம்ப்ரஸரின் வேலை. என்வலப் ஃபில்டர் உயிர்வாழ்வதோ அந்த வித்தியாசத்தில். இடத்தை மாற்றி ஃபில்டரை முன்னால் வைத்ததும் ட்ராக் பேசத் தொடங்கியது. ரெசொனன்ஸால் எகிறும் உச்சங்களைப் பின்னால் வந்த கம்ப்ரஸர் பார்த்துக்கொண்டது.

ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன் கொஞ்சம் சிக்கல். அது முன்னால் இருந்தால் ஃபில்டர் வெட்டுவதற்கு நிறைய ஹார்மோனிக்ஸ் (மேல் அதிர்வெண்கள்) கிடைக்கும், ஒலி ருசியாக இருக்கும். ஆனால் அதுவும் ஒலி அளவைத் தட்டையாக்கிவிடும். இதற்கு நல்ல வழி, சுத்தமான மூல ட்ராக்கை சைட்செயின் (வேறொரு ட்ராக்கை அளப்பதற்கு மட்டும் தரும் உள்ளீடு) வழியாக ஃபில்டரின் காதுக்கு மட்டும் கொடுப்பது. வெட்டுப்படுவது டிஸ்டார்ஷன் ஒலி, வெட்டச் சொல்வது உங்கள் விரல். மிடியில் வாசிக்கும்போது எல்லா நோட்டுக்கும் ஒரே வெலாசிட்டி (கீயைத் தட்டும் வேகம்) இருந்தாலும் இதே நோய்தான்: எல்லா நோட்டும் ஒரே அளவுக்குத்தான் வாய்திறக்கும்.

அடுத்தது அளவு. இணையத்தில் ஒருவர் சொன்ன எண்களை அப்படியே வைத்தால் உங்கள் ட்ராக்கில் அது வேலை செய்யாது, ஏனென்றால் உங்கள் பதிவின் அளவு வேறு. முதலில் மீட்டரைப் பாருங்கள். மெல்லிய தட்டு மைனஸ் 30 டெசிபெல்லிலும் ஓங்கிய தட்டு மைனஸ் 10-லும் வந்தால், அந்த 20 டெசிபெல்லுக்குள் ஃபில்டரின் முழு ஓட்டமும் நடக்கும்படி சென்சிடிவிட்டியை வையுங்கள். பிறகு கிளிப்பின் கெயினைத் தொடாதீர்கள், தொட்டால் ஃபில்டரின் நடையே மாறிவிடும். ட்ராக் ஃபேடரை ஏற்றி இறக்குவதில் ஆபத்தில்லை. வழக்கமான அமைப்பில் அது பிளக்-இன்களுக்குப் பின்னால்தான் வருகிறது. பிக்கப்பில் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் இருந்தால், நீங்கள் வாசிக்காதபோதும் ஃபில்டரின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கும், ஃபில்டர் முழுதாக மூடாது. மெல்லிய ஒலியை அடைத்துவிடும் ஒரு கேட் போட்டால் சரியாகும்.

ரிலீஸைப் பற்றி, அதாவது ஒலி அடங்கும்போது ஃபில்டர் மூட எடுக்கும் நேரத்தைப் பற்றி, கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பேஸ் கிட்டாரின் கீழ் இ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு அதிர்வுக்கு ஏறத்தாழ 24 மில்லி செகண்ட். ரிலீஸை 5 மில்லி செகண்டில் வைத்தால், ஒவ்வொரு அதிர்வுக்குள்ளேயும் கட்-ஆஃப் ஏறி இறங்கும். கேட்பவருக்கு அது "வா" இல்லை, தொண்டை கட்டியவர் கரகரப்பதுபோல் இருக்கும். மறுபக்கம், 100 பிபிஎம் பாட்டில் ஒரு பதினாறாம் நோட்டு 150 மில்லி செகண்ட். ரிலீஸ் அதைவிட மிக நீண்டால், வாய் மூடுவதற்குள் அடுத்த நோட்டு வந்துவிடும், திறந்த வாய் திறந்தபடியே நிற்கும். வேகமான ஃபங்க் வாசிப்பில் 80 முதல் 150-க்குள் தேடுங்கள். அட்டாக்கை (திறக்க எடுக்கும் நேரம்) பூஜ்யத்தில் வைக்காமல் 5 முதல் 20-க்குள் வைத்தால் தொடக்கத்தில் வரும் "டிக்" சத்தமும் போய்விடும்.

கட்-ஆஃப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதிலும் பேராசை வேண்டாம். பேஸுக்கு 250 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை என்பது எனக்குப் பிடித்த எல்லை. 15 கிலோஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டால், அங்கே பேஸில் ஒலியே ஏதும் இல்லாததால் பாதி ஓட்டம் கேட்காமலே வீணாகும்.

நடுவில் ஒரு பட்டையை மட்டும் விடும் பேண்ட்-பாஸ் ஃபில்டர் போட்டதும் அடிவயிறு காணாமல் போகும். உடனே டிரை ஒலியை, அதாவது ஃபில்டர் படாத மூல ஒலியைக் கலப்பார்கள். இப்படிக் கலப்பதில் ஒரு பொறி உண்டு, லோ-பாஸ் ஃபில்டரை (கீழ் அதிர்வெண்களை மட்டும் விடுவது) எடுத்துக்கொள்ளுங்கள். ரெசொனன்ஸ் இல்லாத 24 டெசிபெல் லேடர் லோ-பாஸ், கட்-ஆஃப் இடத்தில் ஃபேஸை 180 டிகிரி திருப்புகிறது, அதாவது அலையைத் தலைகீழாக்குகிறது. மூல ஒலியோடு கலந்தால் அந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் தின்னும். கட்-ஆஃப் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்தப் பள்ளமும் கூடவே நகரும். நான் ட்ராக்கை இரண்டாகப் பிரிக்கிறேன்: 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடாமல், மேலே மட்டும் ஃபில்டர்.

ஸ்டீரியோ ட்ராக்கில் இரு பக்கத்துக்கும் ஒரே காது இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக அளந்தால் ஒலி இடமும் வலமுமாக ஆடும். நீண்டு நிற்கும் கீபோர்டு பேடில் இந்த எஃபெக்ட் அசையவே அசையாது, தட்டு இல்லையே. அதற்கு மிருதங்கத்தையோ ஹை-ஹாட்டையோ சைட்செயினில் கொடுத்தால், பேட் தாளத்துக்கு மூச்சுவிடும்.

இன்னொன்று: வாசித்து முடித்த டேக்கில் பிற்பாடு இந்த எஃபெக்டைப் போடாதீர்கள். ஃபில்டரைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும்போது விரல் தானாகவே எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று கற்றுக்கொள்கிறது. பதிவை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனில் ஃபில்டர் போட்ட ஒலியைக் கேளுங்கள். பஃபரை (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டு) 128 சாம்பிளில் வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பஃபர் 2.7 மில்லி செகண்ட்தான். ஆடியோ இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் அதோடு சேர்ந்தாலும் விரலுக்கு அது பெரிதாகத் தெரியாது.