சிவப்பாய் இருந்தால் மணற்கல்லா?

அட்டன் பக்கம் வீதி அகலிக்க வெட்டிய மேட்டைக் காட்டி, "இதுதானே சேர் செம்மணற்கல்?" என்று வருடாவருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும். இல்லை, அது மண். இலங்கை மலையகத்தின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் போன்ற உருமாறிய பாறை. மழையில் அது உக்கி, உள்ளிருந்த இரும்பு துருவேறியதால் வந்த சிவப்பு இது. மேட்டில் துருத்தும் உருண்டைக் கல்லைத் தட்டிப் பாருங்கள். மேல்தோல் வெங்காயம் போல உரிந்து வரும். உள்ளே சாம்பல் நிறத்தில் கறுப்பு வெள்ளை வரிகள்.

மணற்கல்லின் சிவப்பும் இரும்புத் துருதான், குழப்பமே அங்கேதான். ஆனால் அங்கே ஒவ்வொரு மணலிலும் மெல்லிய பூச்சாக மட்டுமே அது ஒட்டியிருக்கும்.

அடுத்த தவறு, செம்மணற்கல்லில் துளை விழுந்து வாசல் போல நிற்கும் பாறை வளைவுகளைப் பற்றி "காற்று குடைந்து வளைவு உண்டானது" என்று எழுதுவது. பாலைவனம் என்றாலே காற்று என்று கை தானாக எழுதிவிடுகிறது. அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2000க்கும் மேற்பட்ட வளைவுகள் உள்ளன. அவற்றில் முக்கிய வேலைக்காரன் தண்ணீர். எள்ளுருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: எள்ளு மணல், பாகு சுண்ணாம்பு. லேசாக அமிலமான மழைநீர் பாகைக் கரைத்தால் எள்ளு உதிரும். குளிர்கால இரவில் வெடிப்புக்குள் நின்ற நீர் உறைந்து சுமார் 9 சதவீதம் பருக்கும், கல் பிளக்கும். நுவரெலியாவில் கொழுந்தைக் கருக்கும் உறைபனிக்குப் பாறைக்குள் போகிற அளவுக்கு வலு இல்லை.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது உப்பு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் வற்றிப் படிந்த உப்பு, மேலே படிந்த பாறைகளின் பாரத்தில் நகர்ந்து புடைத்தது. மேலிருந்த மணற்கல் வரிவரியாக வெடித்தது. வெடிப்புகள் அகன்று, லயத்துச் சுவர்கள் போல மெல்லிய பாறைச் சுவர்கள் மிஞ்சின. அவற்றின் அடி அரிந்து துளை விழுந்தால் வளைவு. ஓடும் ஆறு அறுத்துத் துளைத்தால் அது இயற்கைப் பாலம்; இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

அப்புறம், கல்தானே, அப்படியே நிற்கும் என்று எண்ணுவது. 1991இல் அதே பூங்காவின் லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து ஒரு பெரிய பலகைக்கல் கழன்று விழுந்தது. அடியால் போன நடைபாதையை மூடினார்கள். 2008 ஆகஸ்டில் அங்கேயே வோல் வளைவு ஓர் இரவில் முழுதாக இடிந்தது. காலையில் பாதையில் கற்குவியல்தான் கிடந்தது.