மாரடைப்பு பற்றி ஊரில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர், சென்ற வாரம் நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்களிடம் மாரடைப்பு பற்றிப் பேசினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் பேசிய அதே பேச்சு, அதே தவறுகளோடு இருந்தது. புகையும் எண்ணெயும் கூடாது என்பதை எல்லோரும் சொல்லிவிடுகிறோம், அதை விட்டுவிடுகிறேன்.

இடது மார்பில் வலிக்கும் என்று மட்டும் சொல்வது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பொறுப்பதில்லை. மாரடைப்பு வந்தவர்களில் பலர் ‘வலி’ என்ற சொல்லையே சொல்வதில்லை; நடு நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் இருக்கிறது, இறுக்குகிறது, எரிகிறது என்பார்கள். அது தாடைக்கோ தோளுக்கோ கைகளுக்கோ முதுகுக்கோ பரவலாம். இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருப்பதால், அங்கே இரத்த ஓட்டம் தடைபடும்போது மேல்வயிற்றுக் கனமும் குமட்டலுமாகவே தெரியலாம். நாள்பட்ட சர்க்கரை நோயில் நரம்புகள் பழுதுபட்டிருந்தால் வலி தெரியாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டுமே வரக்கூடும்.

என் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட இட்லிக்கடை அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒருநாள், காலை 11 மணிக்கு வந்தார். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டும்போதே மேல்வயிறு கனத்திருக்கிறது; வாயு என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்து, வியாபாரத்தையும் முடித்துவிட்டே வந்திருந்தார். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கே என்று கேட்டதும், விரலால் ஓரிடத்தைக் காட்டாமல் உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்குழியில் வைத்தார். “இடது பக்கம் வலிக்கும்னுதானே சிஸ்டர் சொன்னீங்க? எனக்கு வலிக்கவே இல்லையே” என்றார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த ஏழு மணி நேரத்தில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டதால், இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது.

ஆகவே, ‘வலிக்கிறதா’ என்று கேட்பதை விட்டு, ‘நெஞ்சுக்கு என்ன செய்கிறது’ என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

தானே வண்டி ஓட்டி வருவது

கூடாது என்பதையும் சொல்லுங்கள். 108ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த வீட்டாருடைய மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வது

இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடக்கூடும்.

ஒரு இசிஜியோடு திரும்பிவிடுவது

முதல் இசிஜியில் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். இதயத் தசை பழுதானால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் உயரவும் சில மணி நேரம் ஆகும். தொந்தரவு நீடித்தால், ‘ஒன்றுமில்லை’ என்ற சீட்டோடு வீட்டுக்குக் கிளம்பாமல், அங்கேயே இருந்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவது

தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், ஒல்லியாக இருப்பவருக்கும் ஆபத்து அதிகம்.

பக்கத்து நிலையத்தைத் தாண்டிப் போவது

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். அந்த மாத்திரைகள் எந்தக் கட்டடத்தில், எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதைக் கூட்டம் முடிவதற்குள் கையோடு அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.