சில்வர் ஓக் மரத்தில் வழுக்கிய முடிச்சு: என் அனுபவம்

ஏற்காடு காபித் தோட்டத்தில் நிழல் தரும் கிளைகளைக் கழிக்கவும் மிளகு பறிக்கவும் சில்வர் ஓக் மரம் ஏறுகிறேன். 12 மி.மீ. பாதுகாப்புக் கயிற்றில் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் புருசிக் முடிச்சு (சிறு கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றின் மேல் சுற்றிப் போடும் முடிச்சு; எடை விழுந்தால் இறுகிப் பிடிக்க வேண்டும்), எடை விழுந்ததும் ஒரு சாண் வழுக்கிய பிறகே பிடித்தது. கயிறு புதிது, வளையமும் புதிது.

முதலில் பெல்ட்டை மாற்றினோம். பனி ஈரம்தான் காரணம் என்றார் மேஸ்திரி அண்ணன். சரி என்று கயிற்றைக் காயப்போட்டோம், அப்போதும் வழுக்கியது. இரண்டு சுற்றை மூன்றாக்கினேன். வழுக்கல் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அப்புறம்தான் வளையத்தையும் கயிற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். தடித்த விறைப்பான வளையம் கயிற்றைக் கவ்வாது. எடை தாங்கும், வளைந்து கொடுக்கும் 8 மி.மீ. வளையம் போட்டு, மூன்று சுற்றுச் சுற்றியதும் உடனே பிடித்தது.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. மரப்பட்டைப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். அப்படியானால் பிடி பாதிதான். விரலை விட்டுத் தடவி, சுற்றுகளை வரிசையாகப் படிய வைத்து, கையால் இறுக்கிவிட வேண்டும். தரைக்கு ஒரு முழம் மேலே முழு எடையோடு தொங்கிப் பார்த்த பிறகே ஏறுகிறேன். உரசி உருகிப் பளபளப்பாகிவிட்ட வளையத்தைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை.