3 லட்சம் பாலிசி என்றால் 3 லட்சமும் கிடைக்குமா? மருத்துவக் காப்பீட்டைப் படிக்கும் முறை

எவ்வளவுக்கு பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் டக்கென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். அதில் ரூம் வாடகைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பில் கட்டும்போது நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஒதுக்கி, கீழே உள்ள வரிசையில் பாலிசியைப் பாருங்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் நின்றுகொண்டு இதையெல்லாம் படிக்க முடியாது.

படி 1: சரியான தாளை எடுங்கள்

பர்ஸில் வைத்திருக்கும் கார்டு போதாது. நிறுவனம் அனுப்பிய பி.டி.எஃப். கோப்பைத் திறங்கள். முதலில் ஷெட்யூல், அதாவது உங்கள் பாலிசி விவரங்கள் அடங்கிய பக்கம் இருக்கும். அதோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சில பக்கங்கள் இருக்கும். எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதையெல்லாம் எளிய மொழியில் அதில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. தமிழில் வேண்டும் என்றும் கேட்கலாம். நிபந்தனைகள் அடங்கிய நீளமான பகுதியைச் சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் புரட்டினால் போதும்.

படி 2: ஷெட்யூலில் உங்கள் விவரம் சரியா?

பெயர், பிறந்த தேதி, யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃப்ளோட்டர் என்று போட்டிருந்தால் மொத்தத் தொகையும் குடும்பம் முழுவதற்கும் பொது. அப்புறம், ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற இடத்தை நிதானமாகப் பாருங்கள். சுகர், பி.பி. இருந்தும் அங்கே 'இல்லை' என்று இருந்தால், ஏஜென்ட் நிரப்பியது என்று விட்டுவிடாதீர்கள். இன்றே நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். க்ளெய்ம் நிராகரிக்கப்படுவதற்கு இது பெரிய காரணம். புது பாலிசி பிடிக்கவில்லை என்றால், கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

படி 3: ரூம் வாடகை வரம்பு

இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பல பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்தான் ஒரு நாள் வாடகை வரம்பு. 3 லட்சம் பாலிசிக்கு அது 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் 4 நாள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். வாடகை 24,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் கட்டணங்கள் 1,00,000. மருந்து 30,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 16,000. மொத்தம் 1,70,000.

வாடகையில் 12,000தானே கூடுதல், அதைக் கட்டிவிடலாம் என்று தோன்றும். கணக்கு அப்படிப் போகாது. பல மருத்துவமனைகளில் பெரிய ரூமுக்குப் போனால் சர்ஜன் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்தே ஏறும். அதனால் வாடகையில் பாதிதான் ஏற்கப்படுகிறது என்றால், அந்தக் கட்டணங்களிலும் பாதிதான் ஏற்கப்படும். வாடகைக்கு 12,000, சர்ஜன் வகையறாவுக்கு 50,000, மருந்துக்கும் பரிசோதனைக்கும் முழுசாக 46,000 என்று 1,08,000 வரும். மீதி 62,000 உங்கள் பொறுப்பு. பாலிசித் தொகை 3 லட்சம், பில் அதில் பாதியைச் சற்றே தாண்டியது, அப்படியும் இந்த நிலை!

மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள், ஐ.சி.யு. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று விதி இருக்கிறது. பில்லில் அவற்றிலும் கழித்திருந்தால் கேளுங்கள். ரூம் வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசிக்குப் பிரீமியம் கொஞ்சம் கூடினாலும், என்னைக் கேட்டால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

படி 4: எதற்கு எப்போதிலிருந்து?

விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் பொதுவாக எதுவும் கிடையாது. கண்புரை, ஹெர்னியா, மூலம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம்; 2024 ஏப்ரலுக்கு முன்பு இது 48 ஆக இருந்தது. இடையில் பாலிசியை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் போர்ட் செய்யுங்கள், அதாவது பாலிசியை விடாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காத்திருந்த காலம் கூடவே வரும்.

படி 5: உள்வரம்பும் கோ-பேயும்

சில சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். பல நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளோடு விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கொண்டால், கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். அதோடு ஒவ்வொரு க்ளெய்மிலும் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும், இதுதான் கோ-பே. கையுறை, மாஸ்க் போன்ற சில்லறைப் பொருட்களுக்குப் பல பாலிசிகளில் பணம் வராது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கும், பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதற்கும் வராது. டயாலிசிஸ், கீமோதெரபி போல ஒரே நாளில் முடிபவை டே கேர் பகுதியில் இருக்கும்.

படி 6: ஒரு தாளில் எழுதி வையுங்கள்

பாலிசி எண், உதவி எண், ரூம் வாடகை வரம்பு, பக்கத்தில் உள்ள கேஷ்லெஸ் மருத்துவமனைகள் (பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் இடங்கள்) இரண்டு. வீட்டில் எல்லோருடைய போனிலும் இதன் படம் இருக்கட்டும். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு 48 மணி நேரம் முன்பே சொல்வது, அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் சொல்வது பொதுவான வழக்கம். கேஷ்லெஸ் கேட்டால் 1 மணி நேரத்தில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் பணம் நிறுவனத்தின் தலையில்.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.